முப்பத்தொன்றாம் கல்லுக்குப் பிறகு

வேலை செய்யும் இடத்தில் என் அண்ணனை ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவனும் முகம் சுளிக்காமல் திரும்பிப் பார்ப்பான். புது வண்டிகளைக் கல்லிலும் மணலிலும் தண்ணீரிலும் ஓட்டி, எங்கே உடைகிறது என்று பார்க்கும் மைதானம் அது. மற்ற டிரைவர்கள் இருபது நிமிடத்தில் முடிக்கிற சுற்றை அவன் முப்பத்தைந்து நிமிடம் ஓட்டுவான். ஆனால் அவன் ஓட்டிய வண்டியில் ஒன்று உடைந்தால், ஓட்டியவனின் முரட்டுத்தனத்தால் உடைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அதற்காகவே பத்தொன்பது வருடமாக அவனை அந்த சீட்டில் உட்கார வைத்திருந்தார்கள்.

நான் அங்கே வண்டி கழுவுகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுக்கு அண்ணன்தான் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. ஆட்களோடு பேச வேண்டியதில்லை, அதனால் எனக்குப் பிடித்துப்போனது. கழுவும் கொட்டகையின் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. எந்த வண்டி எத்தனை சுற்று முடித்தது என்று அதில் எழுதுவதும் என் வேலைதான். கம்ப்யூட்டரில் எல்லாம் ஏறிவிடுகிறது. இருந்தாலும் மேலதிகாரி முதல் வாட்ச்மேன் வரை பலகையைத்தான் பார்ப்பார்கள்.

போன வருடம் அந்த மின்சார வண்டி வந்தது. முன்னால் நான்கு பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்ற திறந்த தொட்டி. வெள்ளை நிறம். அடியில், சக்கரங்களுக்கு நடுவே, ஒரு கட்டில் அகலத்துக்கு பேட்டரிப் பெட்டி. கல் அடிக்காமல் இருக்க அதற்குக் கீழே ஒரு கனமான தகடு. நானூறு சுற்று ஓட வேண்டும். நாளுக்கு எட்டு சுற்று, நடுவில் சார்ஜ் ஏற்றுகிற நேரம் மட்டும் ஓய்வு. நடுவில் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. ஒரு போல்ட்டை மாற்றினாலும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதுதான் அங்கே விதி.

அண்ணன் அந்த வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஏன் என்று எனக்கும் அண்ணிக்கும் மட்டும் தெரியும். கல் தடத்தில் பத்தொன்பது வருடம் குலுங்கிய முதுகு அவனுடையது. கீழ் எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற மெத்தை தேய்ந்துபோய், இடது காலில் முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. கிளட்சை மிதித்தோமா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டிய நிலை.

"இதுல கிளட்ச்சே கிடையாது," என்றான் அண்ணன், வண்டி வந்த அன்று. "இடது காலுக்கு வேலையே இல்ல. சும்மா துணைக்கு வந்து உக்காந்துக்கலாம்."

"அந்தக் காலுக்கும் சம்பளம் குடுப்பாங்களா?" என்று கேட்டார் அண்ணி.

டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த காகிதம் அண்ணியின் புடவைகளுக்கு அடியில் இருந்தது. கல்லில் ஓட்டுவதை நிறுத்தாவிட்டால் கால் முழுதாகப் போய்விடும் என்று அதில் இருந்தது. ஓட்டுவதை நிறுத்தினால் வேலை போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வழிதான் திறந்திருந்தது. கண்காணிப்பு அறையில் திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்காருகிற நாற்காலி ஒன்று காலியாகப் போகிறது, இந்த நானூறை முடித்துக் கொடுத்தால் அது உனக்கு என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். கைப்பிடியும் சாய்மானமும் வைத்து, சுழலுகிற நாற்காலி. அண்ணி அதைப் பார்த்ததே இல்லை. ஆனால் அதன் உறை என்ன நிறம், காலை நீட்ட இடம் இருக்கிறதா என்றெல்லாம் என்னிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார்.

கல் தடத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் மஞ்சள் பெயிண்டில் எண் எழுதியிருக்கும். எல்லாம் காங்கிரீட்டில் பதித்த கல். யாரும் நகர்த்த முடியாது. அப்படி இருந்தும் அண்ணன் தினமும் காலையில் தடம் முழுவதையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவான். "பதினேழு இன்னிக்கு ஈரமா இருக்கு, வம்பு பண்ணும்," என்பான், சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோல. கல் முடிந்ததும் மணல் மேடு, பிறகு இடுப்பளவு தண்ணீர், பிறகு சேறு, பிறகு என் கொட்டகை.

மின்சார வண்டியில் ஒரு விஷயம் அவனுக்குப் பிடித்திருந்தது. மேட்டிலிருந்து இறங்கும்போது காலை எடுத்துவிட்டால் வண்டியே தன்னைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கும். பிரேக்கை மிதித்து மிதித்து இடுப்பு நோகாது. "இதுவும் ஆமைதான்," என்றான். ஆனால் ஏறும்போது கொஞ்சம் அழுத்தினாலும் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் பாயும். கல்லின் மேல் அப்படிப் பாய்ந்தால் முதுகில் உலக்கையால் இடித்ததுபோல இருக்குமாம். முட்டையை மிதிப்பதுபோல மிதிக்க அவன் பழகிக்கொண்டான்.

பிடிக்காத விஷயமும் ஒன்று இருந்தது. அந்த வண்டிக்குச் சத்தம் கிடையாது. டீசல் வண்டியில் இன்ஜின் இரைச்சலில் எல்லாம் அடங்கிவிடும். இதில் சக்கரத்தில் சிக்கிய சின்னக் கல் நொறுங்குவதுகூடக் கேட்கும். உள்ளே ஓட்டுபவரின் தலைக்கு மேலே ஒரு ஒலிப்பதிவுக் கருவி வைத்திருந்தார்கள். பதிவானதை ஒரு பெண் இன்ஜினியர் நாள் முழுவதும் கேட்பாள். அவள் காதில் எப்போதும் ஹெட்போன் இருக்கும் என்பதால் எல்லோருக்கும் அவள் ஹெட்போன் மேடம்.

முதல் வாரமே அவள் கொட்டகைக்கு வந்தாள். அண்ணன் நின்றபடி டீ குடித்துக்கொண்டிருந்தான். சுற்று முடித்து வந்தால் அவனால் உடனே உட்கார முடியாது.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? ஒவ்வொரு பெரிய கல்லுலயும் 'அம்மா'ன்னு ஒரு குரல் வருது."

அண்ணன் டீயைப் பார்த்துக்கொண்டே நின்றான். "வண்டியில என்னைத் தவிர யாரும் இல்ல மேடம்."

"ஒரு ரவுண்டுக்கு நாப்பத்திரண்டு தடவை வருதுண்ணே."

"எண்ணிட்டீங்களா?"

"எண்றதுதானே என் வேலை," என்றாள். அவளுக்கே வெட்கமாகிவிட்டது. "பரவால்லண்ணே, நான் அதை 'டிரைவர்'னு குறிச்சு ஒதுக்கிடுறேன். ஒரு சத்தத்துக்குப் பேர் குடுத்துட்டா அப்புறம் கம்ப்யூட்டர் அதைக் காட்டாது."

அன்றிலிருந்து அண்ணன் கல்லில் ஏறும்போது பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கிக்கொள்ளப் பழகினான். வீட்டுக்கு வந்து தரையில் மல்லாந்து படுத்ததும், பகலெல்லாம் அடக்கி வைத்த அத்தனை அம்மாவும் ஒவ்வொன்றாக வெளியே வரும். "அத்தை உயிரோட இருந்தப்ப இத்தனை தடவை கூப்பிட்டிருந்தா அவங்க மனசு குளிர்ந்திருக்கும்," என்பார் அண்ணி, முதுகில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டே.

இப்படியே முந்நூற்று நாற்பது சுற்று போனது. நானும் பலகையில் எழுதி எழுதி அழித்தேன். அண்ணனின் கண்ணுக்குக் கீழே கருத்துப்போனது. இடது காலில் செருப்பு கழன்று போனதைத் தெரியாமல் ஒருநாள் கொட்டகை வரை வந்துவிட்டான். நான் போய் எடுத்து வந்தேன்.

முந்நூற்று நாற்பத்தெட்டாம் சுற்றில் ஹெட்போன் மேடம் மறுபடி வந்தாள்.

"அண்ணே, முப்பத்தொண்ணாம் கல்லைத் தாண்டினதும் 'டொக்'னு ஒரு சத்தம். உங்க சாப்பாட்டு டப்பா எங்க வெப்பீங்க?"

"சீட்டுக்குப் பின்னாடி."

"அதுதான். ஸ்டீல் டப்பா தரையில இடிக்குது. இனிமே வண்டிக்குள்ள வெக்காதீங்க. 'சாப்பாட்டு டப்பா'ன்னு எழுதிடுறேன்."

எழுதிவிட்டாள். அடுத்த நாளிலிருந்து டப்பா என் கொட்டகையில் அலமாரிமேல் இருந்தது. முந்நூற்று எழுபத்திரண்டு முடிந்த மாலை, நான் குழாயைத் திறக்கப் போகும்போது அண்ணன் கையை நீட்டித் தடுத்தான்.

"குட்டி, கழுவறதுக்கு முன்னாடி அடியில ஒரு தடவை பாரு. முன்பக்கம், இடது மூலை."

எனக்கு நாற்பத்து நான்கு வயதாகிறது. இன்னும் குட்டிதான்.

"என்ன பாக்கணும்?"

"டப்பா உங்கிட்ட இருக்கு. சத்தம் எங்கிட்ட இருக்கு."

டார்ச்சை எடுத்துக்கொண்டு, வண்டியின் அடியைக் கழுவ வெட்டியிருக்கிற பள்ளத்தில் இறங்கினேன். காப்புத் தகட்டின் இடது மூலையைப் பிடிக்கிற பட்டை வாய் பிளந்திருந்தது. போல்ட் இருந்தது, பிடி இல்லை. கையால் தள்ளினால் தகடு ஆடி, மேலே பேட்டரிப் பெட்டியில் போய் இடித்தது. டொக் என்றது. இடிக்கிற இடத்தில் மட்டும் சேறு ஒட்டாமல், பெட்டியின் கறுப்புப் பூச்சு போய், உலோகம் பளபளவென்று தெரிந்தது.

மேலே ஏறி வந்தேன். "எவ்வளவு?" என்று கேட்டான். சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன்.

தலையாட்டினான். "கழுவு," என்றான். நான் கழுவினேன். சேறு போனதும் அந்த இடம் மற்ற இடங்களைப் போலவே நனைந்து கிடந்தது. இன்ஜினியர்கள் கழுவிய வண்டியைத்தான் வந்து பார்ப்பார்கள், அதுவும் நானூறு முடிந்த பிறகு.

இன்னும் இருபத்தெட்டு சுற்று. மூன்றரை நாள். அதற்குப் பிறகு சுழல் நாற்காலி.

மறுநாள் முந்நூற்று எண்பது. மாலையில் "எவ்வளவு?" என்றான். கட்டைவிரல் நகத்தைக் காட்டினேன். அதற்கடுத்த நாள் முந்நூற்று எண்பத்தெட்டு. அவன் கேட்பதற்கு முன்பே இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினேன். அங்கே உலோகம் உள்பக்கம் வளைந்து குழிந்திருந்தது. அவன் என் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றான்.

வீட்டில் சமையலறையும் கூடமும் ஒன்றுதான். அண்ணன் தரையில் படுத்திருந்தான். நான் தட்டுகளை எடுத்து வைத்தேன். அண்ணிக்கு எங்கள் இருவரின் முகத்தைப் பார்த்தாலே போதும்.

"என்ன, அண்ணனும் தங்கச்சியும் துக்க வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கீங்க?"

அண்ணன் விட்டத்தைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இப்ப எத்தனை மிச்சம்?"

"பன்னெண்டு."

"பன்னெண்டு. முந்நூத்தி எண்பத்தெட்ட ஓட்டினவருக்கு அது ஒரு கணக்கா? கண்ண மூடிக்கிட்டு ஓட்டிட்டு வாங்க."

"கண்ண மூடலாம். காதை மூட முடியலயே."

"அந்த மேடம் படிச்சவ. அவளே டப்பான்னு எழுதிட்டா. உங்களுக்கென்ன?"

அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீ ஏம்மா வாயைத் திறக்க மாட்டேங்கற? உன் அண்ணன் கால் போனா நாளைக்குத் தூக்கிட்டுப் போறது நாமதான். அந்த வண்டிய வாங்கறவன் வந்து தூக்க மாட்டான்."

"தெரியும் அண்ணி," என்றேன்.

அண்ணி அடுப்பை அணைத்தார். பிறகு மறுபடியும் கேட்டார், குரல் இறங்கியிருந்தது.

"அந்தப் பெட்டி ஓட்டையானா என்னாகும்?"

"தண்ணி போகும். போனா உள்ள ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். பிடிக்காமலும் போகலாம்."

"யாரு வாங்குவாங்க அதை?"

"ரோடு இல்லாத இடத்துல இருக்கறவங்க. மூட்டை ஏத்துவாங்க. மூட்டைக்கு மேல ஆளுங்க ஏறுவாங்க. வேற யாரு?"

அண்ணி எழுந்து போய், காலியாக இருந்த பாத்திரத்தை இரண்டாவது முறை கழுவினார். திரும்பி வந்தவர் எங்களோடு உட்காராமல், சாப்பாட்டை மட்டும் பரிமாறினார். அன்று வெந்நீர்ப் பையை நான் வைத்தேன்.

காலையில் அண்ணன் வழக்கம்போலத் தடத்தை நடந்து பார்த்தான். மூன்று சுற்று ஓட்டினான். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று என்று நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, உள்ளே வந்து அலமாரியிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்தான். பசிக்கிறதாக்கும் என்று நினைத்தேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து, இன்ஜினியர் அறைப் பக்கம் நடந்தான். கையெழுத்து வாங்க வேண்டிய காகிதம் ஒன்று என்னிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

ஹெட்போன் மேடத்தின் மேஜைமேல் டப்பாவை வைத்தான்.

"என்னண்ணே, எனக்கா?"

"நாப்பத்தி மூணு சுத்தா இது வண்டியிலயே ஏறல மேடம். முப்பத்தொண்ணு தாண்டினதும் சத்தம் இருக்கா இல்லையா, நீங்களே கேளுங்க."

அவள் அவனையும் டப்பாவையும் பார்த்தாள். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டி, ஒதுக்கி வைத்திருந்த சத்தங்களைத் திறந்து, ஹெட்போனை மாட்டினாள். அறையில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. வெகுநேரம் கழித்துக் கழற்றினாள்.

"ஒவ்வொரு சுத்துலயும் இருக்குண்ணே."

"இருக்கும்."

"நாந்தான் பேர் குடுத்து மூடி வெச்சுட்டேன்." அவள் கை ஹெட்போன் ஒயரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தது. "இன்னும் ஒம்பதுதான் இருந்துச்சு. நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும்..."

"எனக்குக் கேக்குதே மேடம்," என்றான் அண்ணன். "நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். மூணு நாளா தெரியும். அதையும் எழுதிக்குங்க."

அவள் அதை எழுதவில்லை. எழுந்து, உட்காருங்கள் என்று தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். அதுவும் சுழல் நாற்காலிதான். அண்ணன் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றானே தவிர, உட்காரவில்லை.

மதியத்துக்குள் மேலதிகாரி உட்பட ஆறு பேர் என் கொட்டகையில் நின்றார்கள். ஒவ்வொருவராகப் பள்ளத்தில் இறங்கித் தகட்டைத் தள்ளிப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு டொக். நல்லவேளை, நல்லவேளை என்றார்கள். அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். மேலதிகாரி போகும்போது அவன் தோளைத் தட்டினார். பட்டையைத் தடிமனாக மாற்றிப் பூட்ட இரண்டு வாரம் ஆகும், அப்புறம் முதலிலிருந்து என்றார். நாற்காலியைப் பற்றி அவரே சொன்னார். இந்த மாதக் கடைசிக்குள் ஆள் உட்கார்ந்தாக வேண்டும், அதுவரைக்கும் காலியாக வைக்க முடியாது, வேறு ஷிப்ட் டிரைவர் ஒருவர் கேட்டிருக்கிறார். அடுத்தது காலியானால் பார்க்கலாம்.

"சரிங்க சார்," என்றான் அண்ணன்.

அவர்கள் போன பிறகு நான் ஈரத்துணியை எடுத்துப் பலகைக்கு முன்னால் நின்றேன். துடைக்கக் கை போகவில்லை.

"அழி குட்டி," என்றான் பின்னாலிருந்து. "அதைப் பாத்துக்கிட்டே நின்னா இன்னும் அசதியா இருக்கு."

அழித்தேன். பூஜ்யத்தை எழுதினேன்.

அண்ணி இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. என் மூலமாகத்தான் சாப்பிடச் சொன்னார், படுக்கச் சொன்னார். மூன்றாம் நாள், கிழிந்துபோன மெத்தை ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த ரப்பர்ப் பஞ்சுப் பலகையை வெட்டிக்கொண்டிருந்தார்.

"சீட்டுல எதுவும் போடக் கூடாது," என்றான் அண்ணன். "சீட்டும் டெஸ்ட்லதான் இருக்கு."

"சீட்டுக்குப் போடலையே. இடுப்புக்குத்தானே கட்டப் போறேன். இடுப்பும் கம்பெனியோடதா?"

பழைய புடவைத் துண்டால் உறை தைத்து, நாடா வைத்து, இடுப்பைச் சுற்றிக் கட்டிச் சட்டையை மேலே இறக்கிவிட்டார். அண்ணனுக்குத் திடீரென்று தொப்பை வந்ததுபோல இருந்தது. அண்ணி தள்ளி நின்று பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் திரும்பிக்கொண்டார்.

இன்னொன்றும் நடந்தது. நாளுக்கு எட்டு சுற்று வேண்டாம், ஐந்து போதும் என்று ஹெட்போன் மேடம் எங்கேயோ போய்ப் பேசி எழுதி வாங்கி வந்தாள். ஐந்து என்றால் எண்பது நாள். நாற்காலி இல்லை, நாள் மட்டும் நீண்டது. அதை நல்லது என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் நல்லது என்றுதான் சொன்னான்.

புதுப் பட்டை பூட்டி மறுபடி தொடங்கிய இரண்டாம் நாள், ஹெட்போன் மேடம் வேகமாகக் கொட்டகைக்கு வந்தாள். அண்ணன் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஒரு புதுச் சத்தம். ஒவ்வொரு கல்லுலயும் 'கிறீச் கிறீச்'னு. இந்தத் தடவை நான் எந்தப் பேரும் குடுக்கல. முதல்ல உங்களைக் கேட்டுட்டு."

அண்ணன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். "அது வண்டி இல்ல மேடம். என் வீட்டுக்காரி."

சட்டையைத் தூக்கிப் பஞ்சுப் பலகையைக் காட்டினான். அவள் பார்த்தாள், குனிந்து தொட்டும் பார்த்தாள். பிறகு அதே சீரியசான முகத்தோடு, "வீட்டுக்காரின்னே எழுதிடட்டுமா?" என்று கேட்டாள்.

"எழுதிக்குங்க. ஆனா மூடி வெச்சுடாதீங்க. அப்பப்ப திறந்து கேளுங்க."

அவள் போனதும் டப்பாவை மூடி என்னிடம் கொடுத்தான். நான் அலமாரிமேல் வைத்தேன். வண்டிக்கு இன்னும் கால் மணி நேரம் சார்ஜ் ஏற வேண்டியிருந்தது. அவன் கொட்டகையின் பெஞ்சில் நீளமாகப் படுத்துக் கண்ணை மூடினான். இடது செருப்பை அவனே கழற்றி, மறக்காமல் இருக்க, நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டான்.

நான் பலகையில் எட்டு என்று எழுதினேன்.